நாலாயிரம் அடி உயரத்தில் ஒரு நீர்மூழ்கிப் படையணி

உலகத்துக் கடற்படைகளுக்கெல்லாம் பொதுவான குறை ஒன்று உண்டு. அவற்றுக்குக் கடல் தேவைப்படுகிறது. கடல் இருந்தால் அலை வரும், அலை இருந்தால் எதிரி வருவான், எதிரி வந்தால் தோல்வியும் வரக்கூடும். இந்தத் தொல்லைகள் எதுவும் இல்லாமல், ஒரு போரிலும் தோற்காமல், ஒரு துறைமுகத்தையும் இழக்காமல், ஒரு மாலுமிக்குக்கூடத் தலைசுற்றல் வராமல் விளங்கிய நீர்மூழ்கிப் படையணி ஒன்று உண்டென்றால், அது இலங்கை மலைநாட்டில் கொட்டகலைக்குப் பக்கத்தில் இருக்கும் ஒத்தக்கல் தோட்டத்துப் படையணிதான். கடல் மட்டத்துக்குக் கீழே போவதற்கென்று செய்த இயந்திரத்தைக் கடல் மட்டத்துக்கு நாலாயிரம் அடி மேலே, தேயிலைக்கு நடுவே கொண்டுபோய் நிறுத்திய பெருமை வேறெந்த நாட்டுக்கும் கிடையாது. மற்ற நாடுகளுக்கு அந்த யோசனை வராதது அவர்களுடைய தலையெழுத்து.

அந்தப் படையணியின் அதிகாரபூர்வ வரலாற்றாசிரியன் ஜீவராஜ். பேராதனைப் பல்கலைக்கழகத்தில் வரலாறு படித்துப் பட்டம் வாங்கியவன். பட்டம் வாங்கிய பிறகு வேலை கேட்டு நாலைந்து வருடம் வீதியோரக் கொட்டகையில் மற்றப் பட்டதாரிகளோடு உட்கார்ந்திருந்தான். அரசாங்கம் மனமிரங்கி, அவனை எழுப்பிக் கூட்டிவந்து, கொட்டகலையில் ஓர் அலுவலகக் கதிரையில் உட்கார வைத்தது. பதவியின் பெயர் அபிவிருத்தி உத்தியோகத்தர். அலுவலகத்தின் பெயர் மலைநாட்டு நீர்வழி மேம்பாட்டு அதிகாரசபை. மலைநாட்டில் நீர்வழி எங்கே இருக்கிறது என்று சிலர் கேட்டார்கள். இல்லாததை மேம்படுத்துவதில்தான் திறமை தெரியும் என்பது அவர்களுக்கு விளங்கவில்லை.

ஒத்தக்கல் தோட்டத்தை ஒரு நீர்த்தேக்கம் இரண்டாகப் பிரித்து வைத்திருக்கிறது. இக்கரையில் பெக்டரி, பெரிய ரோடு, பஸ், ஆஸ்பத்திரி, பள்ளிக்கூடம். அக்கரையில் தொழிலாளர் குடியிருக்கும் லயங்கள், தேயிலை, அட்டைப்பூச்சி. அணை கட்டுவதற்கு முன்னால் நடுவில் ஓடியது ஒரு சிற்றாறுதான். சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நாலு கல்லில் கால் வைத்தால் தாண்டிவிடலாம். அணை வந்தது. நாட்டுக்கெல்லாம் வெளிச்சம் கிடைத்தது, அக்கரைக்குத் தண்ணீர் கிடைத்தது. அன்றிலிருந்து அக்கரைச் சனம் நீர்த்தேக்கத்தைச் சுற்றித்தான் நடக்கிறது. சுற்றி வந்து சேருவதற்குள் காலைச் சாப்பாடு செரித்துவிடும். போன மழைக்காலத்தில் ஒரு பெண்ணுக்கு வலி வந்து, கம்பளியில் கட்டித் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். பிள்ளை பாதி வழியில் பிறந்துவிட்டது. தாயும் பிள்ளையும் தப்பியது முனியாண்டி சாமி புண்ணியம்.

அந்தக் கம்பளியின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு ஓடியவள் அனோஜா. அக்கரை லயத்தில் பிறந்து வளர்ந்து, இக்கரைப் பள்ளிக்கூடத்தில் ஆசிரியையானவள். ஜீவராஜுக்கு நிச்சயமான பெண். நிச்சயதார்த்தத்துக்கு மறுவாரமே அவள் அவனைக் கூப்பிட்டு ஒரு நிபந்தனை வைத்தாள்.

"நீங்க தண்ணிச் சபையில வேலை செய்றீங்க. எங்க டிவிசனுக்குத் தண்ணியைத் தாண்ட ஒரு போட்டு வேணும்னு எழுதித் தர்றேன். போட்டு வந்தா கல்யாணம்."

"வரலைன்னா?"

"நீங்க அந்தக் கரையில இருங்க, நான் இந்தக் கரையில இருக்கிறேன். நான் மட்டும் கல்யாணம் கட்டிக்கிட்டு ரோட்டுப் பக்கம் வந்து சொகுசா உக்காந்துக்கிட்டு, எங்கம்மா சுத்தி நடக்கிறதைப் பார்த்துக்கிட்டிருக்க மாட்டேன்."

அவளுடைய தாய் அம்மாக்கண்ணு கொழுந்துக் கூடையைச் சுமந்து சுமந்து கழுத்து இறுகிப்போனவள். வாய் மட்டும் இறுகவில்லை. "புள்ள சொன்னா சொன்னதுதாங்க மாப்பிள்ள. அவ அப்பாவை மாதிரி. அவரும் ஒரு சொல்லுதான் பேசுவாரு, அதுவும் வம்பாத்தான் பேசுவாரு," என்றாள்.

ஆக, ஒரு போட் என்பது ஜீவராஜுக்குப் போக்குவரத்துச் சாதனம் அல்ல. அது தாலி. அனோஜா எழுதிய விண்ணப்பத்தை எடுத்துக்கொண்டு பணிப்பாளர் சுதாகரனின் அறைக்குள் போனான்.

சுதாகரன் பெரிய மனிதர். தேத்தண்ணி கேட்பதென்றாலும் மேடையில் பேசுவதுபோலத்தான் கேட்பார். விண்ணப்பத்தை வாசித்துவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"தம்பி ஜீவராஜ், தண்ணீரின் மேற்பரப்பு ஒரு திணைக்களத்துக்குச் சொந்தம். கரை இன்னொரு திணைக்களத்துக்குச் சொந்தம். கரையிலிருந்து மேற்பரப்புக்கு எடுத்து வைக்கிற அந்த ஒற்றைக் காலடி யாருக்குச் சொந்தம் என்பதை ஒரு குழு ஆராய்ந்து வந்தது. குழுத் தலைவர் ஓய்வு பெற்றுவிட்டார். ஆகவே மேற்பரப்பை மறந்துவிடுங்கள்."

"அப்போ அக்கரை சனம் எப்படி சேர் வர்றது?"

"மேற்பரப்புக்குக் கீழே இருப்பது யாருக்குச் சொந்தம்?"

ஜீவராஜ் யோசித்தான். "மீனுக்குங்க சேர்."

"மீன் ஆட்சேபனை தெரிவிக்குமா?"

"தெரிவிக்காதுங்க."

"அப்படியானால் நாம் கீழே போவோம்," என்றார் சுதாகரன்.

இப்படித்தான் மலையகத்தின் கடல்சார் யுகம் பிறந்தது. தெற்குக் கடற்கரையில் நட்டத்தில் மூடிய ஒரு ஹோட்டலில், உல்லாசப் பயணிகளுக்குப் பவளப்பாறை காட்டுவதற்காக வாங்கிய சின்ன நீர்மூழ்கி ஒன்று சும்மா கிடந்தது. பைபர் உடம்பு, மஞ்சள் நிறம், ஆறு பேர் உட்காரலாம். சமையலறைக்குப் பின்னால் கோழி அடைக்கப் பயன்பட்டு வந்ததால் உள்ளே கொஞ்சம் வாசனை இருந்தது. அதை லொறியில் ஏற்றிக் கொண்டுவந்தார்கள். கொண்டை ஊசி வளைவுகளில் எதிரே வந்த பஸ்காரர்கள் எல்லாரும் ஒதுங்கி வழிவிட்டார்கள். அம்புலன்சுக்குக்கூட அப்படி விட்டதில்லை.

ஒரு சிக்கல் மட்டும் இருந்தது. ஒன்று இருந்தால் அது வாகனம். மூன்று இருந்தால்தான் படையணி. அமைச்சு படையணியைத்தான் மதிக்கும். சுதாகரன் அதற்கும் ஒரு வழி கண்டுபிடித்தார். ஜீவராஜைப் பெயின்ட் வாங்கக் கொட்டகலைக் கடைத்தெருவில் இருக்கும் நஜீம் நானாவின் ஹாட்வெயார் கடைக்கு அனுப்பினார்.

"மூணு நம்பர் அடிக்கிறதுக்கு பெயின்ட் வேணும் நானா. ஒண்ணு, ரெண்டு, மூணு."

நஜீம் நானா கடை வாசலில் நின்ற லொறியை எட்டிப் பார்த்தார். "ஒண்டுதானே தம்பி இரிக்கி?"

"இடது பக்கம் ஒண்ணு. வலது பக்கம் ரெண்டு. பின்னால மூணு."

"அப்ப முன்னுக்கு?"

"நாலாவதை அடுத்த வருசம் வாங்கப் போறாங்களாம். அதுக்கு இடம் விட்டிருக்கு."

நானா பெயின்ட் டின்னை எடுத்து வைத்தார். நாற்பது வருடமாகக் கடை வைத்திருப்பவர். அரசாங்க வேலைக்குச் சாமான் கொடுக்கும்போது கேள்வி கேட்கக் கூடாது என்பது அவருக்குத் தெரியும். புகைப்படக்காரர் மூன்று பக்கமும் நின்று மூன்று படம் எடுத்தார். அறிக்கையில் மூன்று நீர்மூழ்கிகள் வரிசையாக நின்றன.

மறுநாள் ஜீவராஜுக்குப் புதிய பொறுப்பு வந்தது. திறப்பு விழா மலருக்காகப் படையணியின் வரலாற்றை எழுத வேண்டும்.

"இன்னும் ஒண்ணுமே நடக்கலையே சேர்," என்றான் அவன்.

"அதனால்தான் இப்போதே எழுத வேண்டும். நடந்த பிறகு எழுதினால் சர்ச்சை வரும். நீங்கள் பட்டதாரி, உங்களுக்கு இது தெரிந்திருக்க வேண்டும்."

பேராதனையில் இதைச் சொல்லித் தரவில்லை. ஜீவராஜ் அன்று மாலையே எழுத உட்கார்ந்தான். எழுத எழுத அவனுக்கே ஓர் உற்சாகம் பிறந்தது. படையணியின் வீரர்களைப் பற்றி ஓர் அத்தியாயம், ஒழுக்கத்தைப் பற்றி ஓர் அத்தியாயம். கடைசி அத்தியாயத்தில், "தனது முதலாவது மூழ்கலிலேயே படையணி நீர்த்தேக்கத்தின் அடித்தளத்தைத் தொட்டு, கூடியிருந்தோரை மெய்சிலிர்க்க வைத்தது" என்று முடித்தான். அந்த வரியை எழுதியபோது மேளம் அடிக்கிற சத்தம் காதில் கேட்டது. படையணி ஓட ஆரம்பித்தால் அக்கரைச் சனம் அதில் வரும். மேலே வந்தால் என்ன, கீழே வந்தால் என்ன, வந்தால் சரி. அனோஜாவும் வருவாள்.

மாலுமிகளைத் தோட்ட வழக்கப்படியே சேர்த்தார்கள். விடியற்காலையில் வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக்களத்தில் மேற்பார்வை பார்க்கும் கண்டாக்கையா நின்று, "இன்னைக்குச் செடி கவ்வாத்து வெட்டப் பத்துப் பேரு, புல்லு வெட்ட ஆறு பேரு, கடலுக்கு நாலு பேரு," என்று கூப்பிட்டார். கடலுக்கு ஒரே தள்ளுமுள்ளு. கடலில் அட்டை இல்லை என்று யாரோ சொல்லியிருந்தார்கள். தேர்வான நால்வரும் லயத்துச் சனம் தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரையில் வாளித் தண்ணீருக்குள் முகத்தை அமிழ்த்தி மூச்சடக்கப் பழகினார்கள். குடம் வைத்துக்கொண்டு காத்திருந்த பெண்கள் படையணியை முதன்முதலாகத் திட்டியது அன்றுதான்.

திறப்பு விழாவுக்கு முதல்நாள் பூசை. எந்த வாகனமானாலும் பூசை போடாமல் எடுப்பது ஒத்தக்கல்லில் வழக்கமில்லை. கோயில் பூசாரி அழகன் தேங்காயும் சூடமும் எலுமிச்சம்பழமும் தட்டில் வைத்துக்கொண்டு வந்தார். நீர்மூழ்கியை ஒருமுறை சுற்றி வந்தார். இன்னொரு முறை சுற்றி வந்தார். பிறகு தட்டைக் கீழே வைத்துவிட்டார்.

"சக்கரம் எங்கங்க?"

"இதுக்குச் சக்கரம் கிடையாது பூசாரி," என்றான் ஜீவராஜ்.

"அப்ப எலுமிச்சம்பழத்தை எதுக்கு அடியில வைக்கிறது? பழம் நசுங்கலைன்னா கண்ணேறு போகாதுங்களே."

சுதாகரன் இதைச் சிறிய விடயமாக எடுத்துக்கொள்ளவில்லை. அங்கேயே மூன்று பேர் கொண்ட குழு ஒன்றை அமைத்தார். குழு தேத்தண்ணி குடித்துக்கொண்டே ஆராய்ந்து, நீர்மூழ்கியைச் சுமந்து வந்த லொறியின் சக்கரங்களை நீர்மூழ்கியின் பதிலீட்டுச் சக்கரங்களாகக் கருதலாம் என்று சிபாரிசு செய்தது. லொறி முன்னால் நகர்ந்தது. பழங்கள் நசுங்கின. எல்லாருக்கும் திருப்தி.

பூசாரிக்கு மட்டும் இன்னொரு வேலை பாக்கி இருந்தது. எலுமிச்சம்பழமும் பச்சை மிளகாயும் கோத்த கயிறு. மலைநாட்டில் அது முன்னால் தொங்காத வாகனம் கிடையாது. அதைத் தொங்கவிட ஒரு கொளுக்கி வேண்டும். கொளுக்கிக்கு ஓர் ஓட்டை வேண்டும். ஒத்தக்கல்லில் பஸ்ஸுக்கு ஓட்டை போட்டிருக்கிறார்கள், லொறிக்குப் போட்டிருக்கிறார்கள், ஓட்டோவுக்குப் போட்டிருக்கிறார்கள். எதற்கும் அதனால் ஒரு குறை வந்ததில்லை. ஆகவே நஜீம் நானா கடையிலிருந்து துளைபோடுகிற மெஷினை வாங்கிவந்து, பணிப்பாளர் முன்னிலையில், வரலாற்றாசிரியனே தன் கையால் நீர்மூழ்கியின் மூக்கில் ஓட்டை போட்டான். கூடியிருந்தவர்கள் கை தட்டினார்கள்.

பூசாரி ஒரு கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். "மூக்குக்கு நேரா இல்லைங்க. கோணலா இருக்கு."

ஜீவராஜ் பக்கத்தில் இன்னோர் ஓட்டை போட்டான். இது நேராக விழுந்தது. கொளுக்கியை அதில் முறுக்கி மாட்டினார்கள். முதல் ஓட்டை சும்மா இருந்தால் நன்றாயிருக்காது என்று பூசாரி அதைச் சந்தனத்தால் அடைத்து, மேலே குங்குமம் வைத்தார். பார்க்க லட்சணமாக இருந்தது. 'மங்களகரம்' என்று சுதாகரன் தமது வாயால் சொன்னார்.

மறுநாள் விழா. நாதஸ்வரம், கண்டிய நடனம், பள்ளிப் பிள்ளைகளின் பாண்ட். அனோஜா தன் வகுப்புப் பிள்ளைகளோடு கரையில் நின்றாள். சுதாகரன், இரண்டு அதிகாரிகள், புகைப்படக்காரர், ஒரு மாலுமி என்று ஐந்து பேர் உள்ளே ஏறினார்கள். மாலுமி விசையைத் திருப்பினான். நீர்மூழ்கி மூழ்கவில்லை. வாத்து மாதிரி மேலேயே ஆடிக்கொண்டு நின்றது. மணல் மூட்டைகளை ஏற்றினார்கள். அப்போதும் மூழ்கவில்லை. இன்னும் மூட்டைகள் ஏற்றினார்கள். கடைசியில் விழாவுக்கு வந்திருந்த ஒரு தொழிற்சங்கப் பிரமுகரையும் ஏற்றினார்கள். அவர் காலை உள்ளே வைத்ததும் அது இறங்க ஆரம்பித்தது.

சந்தனம் தண்ணீரில் கரையும் என்பது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஆனால் அதைச் சொல்லும்படி சின்னப் பிள்ளையை யாரும் கேட்கவில்லை.

கரையில் இருந்தவர்களுக்கு முதலில் தெரிந்தது வால்தான். மூக்கு சேற்றில் குத்தி நிற்க, வால் வானத்தைப் பார்த்தது. அதில் '3' என்ற இலக்கம் பளபளத்தது. உள்ளே முதல் ஓட்டை வழியாகக் குங்குமத் தண்ணீர் பீச்சியடித்து நேரே சுதாகரனின் வெள்ளைச் சட்டையில் விழுந்தது. "கட்டளையிடுகிறேன்" என்ற குரல் கேட்டதாகவும், யாருக்கு என்பது கேட்கவில்லை என்றும் மாலுமி பிறகு சொன்னான். நல்ல வேளை, அந்த இடத்தில் தண்ணீர் ஓர் ஆள் உயரம்கூட இல்லை. அம்மாக்கண்ணு முதலில் இறங்கினாள். அவள் பின்னால் கொழுந்து மலையிலிருந்து நேரே வந்திருந்த பெண்கள் எல்லாரும் இறங்கினார்கள். கொழுந்துச் சாக்குக் கட்டும் கயிறுகளை ஒன்றாக முடிந்து வாலில் கட்டி இழுத்தார்கள். அவர்களுக்கு இது ஒன்றும் புதிதல்ல. மழைக்காலத்தில் சேற்றில் மாட்டிய கொழுந்து லொறியை இழுப்பதும் அவர்கள்தான்.

மேல்மூடி திறந்தது. தலையிலிருந்து மார்பு வரை சிவப்பாகச் சுதாகரன் வெளிப்பட்டார். கூட்டம் பயந்து போனது. "பயப்பட வேண்டாம்," என்றார் பூசாரி அழகன். "சாமி குங்குமம்தான்."

சுதாகரன் அங்கேயே நின்று உரையாற்றினார். "பெரியோர்களே, மூழ்குமா மூழ்காதா என்று சிலர் ஐயப்பட்டார்கள். மூழ்கியது. வேறென்ன சான்று வேண்டும்?"

பாண்ட் வாசித்தார்கள். ஜீவராஜின் கையில் விழா மலர் இருந்தது. கடைசி அத்தியாயத்தின் கடைசி வரியைப் பார்த்தான். படையணி அடித்தளத்தைத் தொட்டிருந்தது. கூடியிருந்தோர் மெய்சிலிர்த்திருந்தார்கள். வரலாற்றாசிரியர்களில் எத்தனை பேருக்கு இப்படி ஓர் அதிர்ஷ்டம் வாய்க்கும்? அவனுக்கு அழுகை வந்தது.

நீர்மூழ்கியைக் கரையேற்றித் தறப்பாள் போட்டு மூடினார்கள். 'பேணிப் பாதுகாக்கப்படுகிறது' என்று பலகை வைத்தார்கள். கொழும்பில் சுதாகரனுக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். அத்தோடு முடிந்திருந்தால்கூடப் பரவாயில்லை. சில வாரம் கழித்து அனோஜாவின் விண்ணப்பத்துக்குப் பதில் வந்தது. ஒத்தக்கல் தோட்டத்துக்கு ஏற்கெனவே மூன்று நீரூர்திகள் வழங்கியிருப்பதால், அந்தத் தோட்டம் இனிமேல் ஒரு போட்டுக்கும் தகுதி பெறாது. ஆகவே கோரிக்கை நிறைவேறியது என்று கடிதம் முடிந்தது.

அனோஜா பள்ளிக்கூட வாசலில் வைத்து அதை ஜீவராஜுக்கு வாசித்துக் காட்டினாள். சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் அவனுக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

"முன்னே எங்களுக்குப் போட்டு இல்லை. இப்ப போட்டு கேட்கிற வாயும் இல்லை. நீங்க எழுதின வரலாறு நல்லா இருக்குதுங்க."

"நான் வேணும்னு செய்யலை அனோஜா."

"ஓட்டையை நீங்கதானே போட்டீங்க? மூணு கப்பல் இருக்குதாம்ல, அதுல ஒண்ணுல ஏறிப் போய் வேற எடத்துல பொண்ணு பாருங்க."

அவள் சொல்லிவிட்டு நீர்த்தேக்கத்தைச் சுற்றி நடக்க ஆரம்பித்தாள். ஜீவராஜ் நஜீம் நானாவின் கடைக்குப் போய், ஆணிப் பெட்டியின் மேல் உட்கார்ந்து எல்லாவற்றையும் கொட்டினான். நானா தேத்தண்ணி வரவழைத்துக் கொடுத்தார். அவன் குடித்து முடித்ததும் பேச்சை ஆரம்பித்தார்.

"தம்பி, அண்டைக்கு நானும் கரையிலதானே நிண்டேன். ஒரு விசயம் கவனிச்சீங்களா?"

"ஓட்டையா நானா?"

"ஓட்டையை விடுங்க. அதை முக்கிறதுக்கு எத்தன மூட்டை ஏத்தினாங்க? சங்கத்து ஆளையும் ஏத்தித்தானே முங்கிச்சு. அந்தச் சாமானுக்கு முங்க விருப்பமில்ல தம்பி. எங்கட ஆளுகள்தான் வற்புறுத்தி முக்கினாங்க."

ஜீவராஜ் கோப்பையைக் கீழே வைத்தான்.

"மேல்பாதியை வெட்டிட்டா என்ன நானா?"

"கிரைண்டர் என்கிட்ட இரிக்கி," என்றார் நஜீம் நானா. "நான் ஒண்டும் கேட்கவும் இல்ல, பார்க்கவும் இல்ல. வெட்டுற ஆளை மட்டும் அனுப்புறேன்."

ஒரு ஞாயிற்றுக்கிழமை பகலில் வேலை நடந்தது. கிரைண்டர் பைபரை முறுக்கு மாதிரி அறுத்தது. கோழி வாசனை மேலே கிளம்பிக் காற்றோடு போனது. மூக்கிலிருந்த ஓட்டையை அடைக்க ஜீவராஜ் ஏதேதோ பசை வாங்கிக்கொண்டு வந்திருந்தான். அம்மாக்கண்ணு அதை ஓரமாக வைக்கச் சொன்னாள். சாக்குத் துணியில் சூடான தாரைத் தோய்த்து ஓட்டைக்குள் திணித்தாள்.

"எங்க லயத்துக் கூரையில இதே மாதிரி நாப்பது இருக்குங்க மாப்பிள்ள. இதுக்குன்னு தனியாப் படிக்கணுமா?"

'மாப்பிள்ள' என்று அவள் சொன்னதை ஜீவராஜ் கவனித்தான். கொஞ்சம் தெம்பு வந்தது.

முன்னொரு காலத்தில் மேட்டு மலையிலிருந்து பெக்டரிக்குக் கொழுந்து மூட்டை இறக்கிய இரும்புக் கம்பி ஒன்று புல்லுக்குள் கிடந்தது. நீர்த்தேக்கம் ஒடுங்குகிற இடத்தில் அதைக் கரைக்குக் கரை இழுத்துக் கட்டினார்கள். கம்பியைக் கையால் பிடித்து இழுத்தால் படகு போய்ச் சேரும். மோட்டரும் வேண்டாம், விசையும் வேண்டாம். வெட்டிய மேல்பாதி வீணாகவில்லை. அக்கரைத் துறையில் நாலு கம்பத்தின் மேல் ஏற்றி வைத்தார்கள். மழைக்கு ஒதுங்கக் கூரையாயிற்று. தண்ணீருக்கடியிலிருந்து மேலே பார்க்கும் குழாய் அதில் அப்படியே இருந்தது. அதில் கண்ணை வைத்துப் பார்த்தால் இக்கரை ரோட்டில் பஸ் வருவது தெரியும். மலையக வரலாற்றில் பஸ் வரும் நேரம் பயணிகளுக்கு முன்கூட்டியே தெரிந்த முதலாவது இடம் அதுவே.

மேற்பரப்பில் ஓடக் கூடாது என்ற சட்டம் இருக்கிறதே? ஜீவராஜ் அதை மதித்தான். அவன் வரலாற்றாசிரியன். படையணியின் நாளாந்தப் பதிவில் ஒவ்வொரு பயணத்தையும் ஒழுங்காக எழுதினான்: "படையணி இன்று மூழ்கியது. ஆழம்: பூச்சியம்."

முதல் பயணத்தில் அக்கரையிலிருந்து ஏறியவள் அனோஜா. பள்ளிக்கூடத்துக்குப் பையோடு வந்தாள். நடு நீரில் வந்ததும் தண்ணீருக்குள் கையை விட்டுப் பார்த்தாள். சுற்றி நடந்தே பழகியவளுக்கு அதைத் தொட நேரம் இருந்ததில்லை. இக்கரையில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்ற ஜீவராஜின் உள்ளங்கை காய்த்திருந்தது.

"போட்டு வந்திருச்சு," என்றான் அவன்.

"பார்த்தேன்," என்றாள் அவள். "ஆவணியில நாள் இருக்கான்னு அம்மா கேக்கச் சொன்னாங்க."

ஆவணியில் நாள் இருந்தது. மாப்பிள்ளை ஊர்வலம் படையணியில்தான் போனது. ஒரு முறை மேளக்காரர்கள், ஒரு முறை சீர்வரிசை, ஒரு முறை மாப்பிள்ளை என்று மூன்று பயணம். இடது பக்கத்தில் பார்த்தவர்கள் ஒன்று வருகிறது என்றார்கள், வலது பக்கத்தில் பார்த்தவர்கள் இரண்டு வருகிறது என்றார்கள். அழகன் பூசாரி புதிதாக எலுமிச்சம்பழமும் மிளகாயும் கோத்து அதே கொளுக்கியில் தொங்கவிட்டார். நஜீம் நானா சந்தனத்துக்குப் பக்கத்தில் யாரையும் விடவில்லை.

ஐப்பசி மழையில் ஒரு நாள் சுதாகரன் விசாரணைக்கு வந்தார். அரசாங்கத்துக்குச் சொந்தமான நீர்மூழ்கி ஒன்று பகிரங்கமாக மிதப்பதாக யாரோ எழுதிப் போட்டிருந்தார்கள். விசாரணையை அக்கரையில், சம்பவம் தொடர்பான கூரையின் கீழ் நடத்த வேண்டும் என்று அவருடைய ஆணையில் இருந்தது. சுற்றுப்பாதையிலோ மண் சரிந்து கிடந்தது. கொஞ்ச நேரம் குடையைப் பிடித்துக்கொண்டு சரிந்த மண்ணைப் பார்த்தார். கொஞ்ச நேரம் படகைப் பார்த்தார். படகில் கொழுந்து மூட்டைகளும், காய்ச்சல்காரப் பிள்ளைக்கு மருந்து வாங்கிக்கொண்டு திரும்பும் ஒரு தாயும், மூக்குப் பக்கத்தில் அம்மாக்கண்ணுவும் இருந்தார்கள்.

"ஏறுங்க ஐயா," என்றாள் அம்மாக்கண்ணு. "முன்னே ஒருதரம் ஏறின வண்டிதானே."

சுதாகரன் ஏறினார். ஜீவராஜ் கம்பியை இழுத்தான். கரை விலகியது. சுதாகரன் உட்காராமல், படகின் மூக்கையும் தம் வெள்ளைச் சட்டையையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"அந்த ஓட்டை எங்கே?"

"என் காலுக்கு அடியில இருக்குதுங்க. நான் காலை எடுக்கலை, பயப்படாதீங்க."

அவர் உட்கார்ந்தார். நடு நீருக்கு வந்ததும் தைரியம் திரும்பியது. தொண்டையைச் செருமிக்கொண்டு மேடைக் குரலில் கேட்டார்.

"வரலாற்றாசிரியரே, நேரடியாகப் பதில் சொல்லுங்கள். அரசாங்க நீர்மூழ்கி ஒன்று இவ்வாறு மிதப்பதற்கு எந்த அதிகாரி அனுமதி கொடுத்தார்?"

ஜீவராஜ் கம்பியைப் பிடித்தபடி வாயைத் திறந்தான். அவனை முந்திக்கொண்டு அம்மாக்கண்ணு, ஓட்டையின் மேல் வைத்த காலை எடுக்காமலே சொன்னாள்:

"யாரும் குடுக்கலைங்க ஐயா. அதனாலதான் மிதக்குது."